ஹிட்டா, எரரா?

இவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் டெக்சாஸிலிருந்து போன் வரும். "மூணாவது பத்தியில ஒரு எரர் இருக்கு தம்பி, உன் பேர்லதான் போட்டிருக்கேன்" என்பார். எனக்கு அந்த வம்பு வேண்டாம். ஆன்ட்டி என்றே வைத்துக்கொள்வோம். நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், ஒன்பது வருஷம் எங்களுக்குப் பக்கத்து வீடு. இப்போது நான் சான்டா கிளாராவில் இருக்கிறேன், அவர் டெக்சாஸின் கேட்டி நகரில் மகன் வீட்டோடு இருக்கிறார். அன்றைக்கு எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி முதலில் அவர் குரல்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

குடிவந்த முதல் சனிக்கிழமை. நானும் மனைவியும் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பிடிலே! பிடிலே! ஐயோ, கைக்குள்ள வந்த பந்த விட்டுட்டானே படுபாவி!" என்று ஒரு அலறல். கூடவே மேஜையைக் குத்தும் சத்தம். என் மனைவி கையில் குக்கரோடு அப்படியே நின்றுவிட்டாள். வந்த இடத்தில் தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷம் ஒரு பக்கம், போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. நைட்டிக்கு மேல் சாயம் போன ஒரு பேஸ்பால் ஜெர்சி. காதில் பென்சில், கையில் நீளமான நோட்டு. "தமிழா? உள்ள வாங்க, சீக்கிரம் வாங்க, ரெண்டு அவுட் ஆயாச்சு" என்றார். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. டி.வி. சத்தமில்லாமல் ஓட, பக்கத்தில் ரேடியோ வர்ணனை பேசிக்கொண்டிருந்தது. டி.வி.யில் பேசுகிறவர்களுக்கு ஆட்டம் தெரியாது, ரேடியோக்காரனுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. மூலை நாற்காலியில் மெலிந்த ஒரு மனிதர், ஆன்ட்டியின் கணவர், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "அது ஹிட்டு" என்றார். "எரர்" என்றார் ஆன்ட்டி. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பெரம்பூர்ப் பையன் நான், கிரிக்கெட்டில் ஊறியவன். பேஸ்பாலைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது: காசுள்ளவர்கள் ஆடும் கிட்டிப்புள். அதை ஆன்ட்டியிடம் சொன்ன அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்ததும் கொஞ்சம் வாயடைத்துத்தான் போனேன்.

ஆட்டம் நடக்கும்போதே ஒவ்வொரு அடியையும் பென்சிலால் நோட்டில் குறிப்பது பழைய பேஸ்பால் ரசிகர்களின் வழக்கம். மைதானத்தில் தடுத்து ஆடும் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண். பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை எண்களாலேயே எழுதிவிடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுதுகிறவர் நீதிபதி ஆக வேண்டும். அடித்தவன் ஓடித் தப்பித்துவிட்டான் என்றால், அது யாராலும் தடுக்க முடியாத பந்தா? அப்படியானால் ஹிட், பெருமை அடித்தவனுக்கு. சாதாரணமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டை விட்டார்களா? அப்படியானால் எரர், விட்டவனின் எண் நோட்டில் ஏறிவிடும். இதைச் சொல்வதற்கென்றே மைதானத்தில் ஒரு அதிகாரி உண்டு. ஆன்ட்டி அவர் தீர்ப்பைக் கேட்டுக்கொள்வார். பிறகு தன் தீர்ப்பை எழுதிக்கொள்வார். புது பென்சில் வாங்கினால் பின்பக்கத்து ரப்பரை முதலில் கடித்துத் துப்பிவிடுவார். எழுதியதை அழிக்கிற பேச்சே கிடையாது.

"கிரிக்கெட்ல இதெல்லாம் இல்ல ஆன்ட்டி. கேட்ச் விட்டவன் பேரை யாரும் ஸ்கோர்ல எழுத மாட்டாங்க" என்றேன் ஒருநாள்.

"அதான் விட்டுட்டு எல்லாவனும் தொப்பிய சரி பண்ணிக்கிட்டு நிக்கான்" என்றார்.

இந்த நீதிபதி வேலையை அவர் நோட்டோடு நிறுத்தியிருந்தால் ஊரில் பாதிப் பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நம் ஆட்கள் அமெரிக்கா வந்து கற்றுக்கொண்ட முதல் பாடம், எதற்கும் டிராஃபிக்தான் காரணம் என்பது. ஆன்ட்டியிடம் அது செல்லாது. தமிழ்ச் சபை ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த ஒரு அங்கிள், "டர்ன்பைக்ல செம டிராஃபிக்" என்று ஆரம்பித்தார். ஆன்ட்டி கேட்டது ஒரே கேள்வி: "வீட்ட விட்டு எத்தன மணிக்குக் கிளம்புனீங்க?" அவர் பதில் சொல்வதற்குள், "சரி, எரர்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அந்த அங்கிள் பிறகு வருஷம் முழுக்க முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

தனக்கும் அவர் சலுகை காட்டியதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் இவர் செய்த மட்டன் பிரியாணியில் உப்பு இல்லை. எல்லோரும் நாசூக்காக, "சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே விழுங்கிக்கொண்டிருந்தோம். இவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். நேரே போதகர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "உப்பு போடல. என் எரர். ஊறுகாய் கொண்டாந்திருக்கேன், தொட்டுக்கோங்க." முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். ஒருமுறை வார்டில் ஒரு மாத்திரையை நாற்பது நிமிஷம் தாமதமாகக் கொடுத்துவிட்டாராம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. தன் மேல் தானே அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் நீட்டியிருக்கிறார். "அந்தம்மா என்னத் திட்டுனா தம்பி. தப்புக்கு இல்ல, அந்த ஃபாரம் எல்லாம் ஃபில் பண்ண வச்சுட்டேன்னு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் எனக்கு வேலை போன வாரத்தை நான் மறக்க முடியாது. ஆபீஸில் ஒரே நாளில் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். கிரீன் கார்டு பாதியில் தொங்குகிறது. தெரிந்த அங்கிள்கள் எல்லாம் வந்து, ஆறு மாசத்துக்கு முன்னாலேயே மாறியிருக்க வேண்டும், அந்தப் படிப்பைப் படித்திருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பிழையை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஆன்ட்டி வந்தார். எத்தனை பேரை அனுப்பினார்கள், முன்கூட்டிச் சொன்னார்களா, உன் வேலையில் யாராவது குறை சொன்னார்களா என்று மூன்று கேள்வி கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஹிட்டு. அவன் அடிச்ச அடி அப்படி. உன் பேர்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, மீன் குழம்புப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். யார் சொன்னாலும் அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும், ஆனால் ஆன்ட்டி ஆறுதலுக்காக ஹிட் கொடுக்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவருக்குக் கோபமே இன்றைய ஆட்டத்தின் மேல்தான். "இது ஆட்டமா தம்பி? பந்து போடுதவன் மூக்கச் சொறியக்கூட முடியாம எதிர்ல கடிகாரம் வச்சிருக்கான். அஞ்சு இன்னிங்ஸ் போட்டதும் கை வலிக்குதுன்னு உள்ள போயிடுதான். அந்தக் காலத்துல ஒருத்தன் ஆரம்பிச்சா அவனேதான் முடிப்பான். மழையில போடுவான், காய்ச்சலோட போடுவான். இப்ப எல்லாவனும் கண்ண மூடிக்கிட்டுச் சுத்துதான், பட்டா ஹோம் ரன், படாட்டி வீட்டுக்கு. பந்து போடுததுக்குள்ள அடுத்த பேஸுக்கு ஓடி, பேஸ் திருடுதவன எங்க காணும்? அவன் கால மெல்ல மெல்ல நகத்துவான் பாரு, பந்து போடுதவன் திரும்பிப் பாப்பான், இவன் பல்லிளிப்பான், நமக்கு இங்க நெஞ்சு அடிச்சுக்கும்!" இதைச் சொல்லும்போது ஹால் நடுவில் நின்று, குனிந்து, கால்களை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆட்டமே இல்லாத ஜனவரி மாதம்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். வெளியே முழங்கால் அளவு பனி. ஆன்ட்டி அலமாரியிலிருந்து எண்பதுகளின் நோட்டு ஒன்றை உருவுவார். எந்த ஆட்டம் வருகிறதோ அதை முதல் பந்திலிருந்து வாசிப்பார். வாசிப்பார் என்றா சொன்னேன்? அந்தப் பென்சில் எண்களைப் பார்த்துக்கொண்டே ரேடியோக்காரன் போல முழு ஆட்டத்தையும் நடத்திக் காட்டுவார். நானும் மனைவியும் பஜ்ஜியும் கையுமாக உட்கார்ந்திருப்போம். "மூணாவது பேஸ்ல ஆள் நிக்கான், ஒருத்தன் அவுட், பந்து வருது..." என்று சொல்லி நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார் பாருங்கள், எனக்குப் பஜ்ஜி தொண்டையில் நிற்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன ஆட்டம். முடிவு அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. இருந்தும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்போது அவர் குரல் நடுங்கும். கிட்டிப்புள் என்று சொன்ன நான், மீசை வைத்த அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்காகப் பனிக்காலத்தில் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒருமுறையாவது அங்கிள், அதாவது ஆன்ட்டியின் கணவர், மூலையிலிருந்து, "அந்த ஈரப்புல்லு மேட்ச எடு" என்பார். அவ்வளவுதான், அன்றைக்கு வாசிப்பு நடக்காது. சண்டைதான் நடக்கும்.

அந்த ஆட்டத்தின் கதையை ஆன்ட்டியே ஒருநாள் எனக்குச் சொன்னார். "கல்யாணம் ஆன பன்னெண்டாம் நாள் நான் இங்க வேலைக்கு வந்துட்டேன் தம்பி. அவுகளுக்கு விசா கிடைக்க ஒண்ணே கால் வருஷம் ஆச்சு. ஏர்போர்ட்ல வந்து நிக்காவ, எனக்கு முகமே சரியா ஞாபகம் இல்ல. ஒன்பது நாள் வீட்டுக்குள்ள ரெண்டு பேரும். சாப்பாடு வைக்கட்டா? ம். ஊருக்குக் கடிதாசி போட்டாச்சா? ம். இந்த மனுஷங்கூட எப்படி ஒரு ஆயுசு ஓட்டப் போறோம்னு எனக்குப் பயமாயிருச்சு." பத்தாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்குள் வார்டு டி.வி. பார்த்துப் பார்த்து ஆன்ட்டிக்குப் பேஸ்பால் பைத்தியம் பிடித்திருந்தது. லீவு போட்டுவிட்டுக் கணவரை நியூயார்க் மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மழை விட்டு ஆட்டம் ஆரம்பித்தது. ஆறாவது இன்னிங்ஸில் ஒருவன் பந்தைத் தரையோடு மெல்லத் தட்டினான். அது ஆறாம் எண்காரரான ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. அவர் ஓடிவந்து குனிந்தார், கையுறை விளிம்பில் பட்டுப் பந்து கீழே விழுந்தது, அடித்தவன் தப்பித்தான். அதிகாரி ஹிட் என்று போர்டில் போட்டார். ஆன்ட்டி, "நான்சென்ஸ், எரர்" என்று சொல்லித் தன் நோட்டில் ஆறாம் எண் மேல் எரர் எழுதினார்.

பக்கத்தில் இருந்த 'ம்' மனிதர் எழுந்து நின்றுவிட்டார். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், கல்லூரி கிரிக்கெட் அணியில் பாயின்ட்டில் நின்று பந்து தடுத்தவர். "அது எப்படி எரர்? புல்லு ஈரம், பந்து எழும்பவே இல்ல. அவன் வந்து சேர்ந்ததே பெரிசு. என்ன பேசுத நீ?" அன்றைக்கு முழுக்க சண்டை. வீட்டுக்கு வந்தும் சண்டை. இவர் தோசைக் கரண்டியாலும் அவர் செருப்பாலும் தரையில் பந்து போன பாதையைக் காட்டிச் சண்டை. "அன்னைக்குத்தான் தம்பி அவுக குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரிஞ்சது" என்றார் ஆன்ட்டி.

நான் கம்ப்யூட்டர்க்காரன் அல்லவா, மூக்கை நுழைத்தேன். இணையத்தில் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கிடைத்தது, ஹிட் என்றே இருந்தது. வீடியோ எங்கேயும் இல்லை. மழைநாள் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை யார் எடுத்து வைக்கப்போகிறார்கள்? ஸ்கோரை நீட்டியபோது ஆன்ட்டி என்னை முறைத்தார். "இது பேப்பர். நான் கண்ணால பாத்தவ." அங்கிளுக்கு மூன்று நாள் வாயெல்லாம் பல்.

எங்கள் ஏழாவது வருஷத்தில் அங்கிளுக்கு மறதி வர ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு மகனின் ஊர், பிறகு சாப்பிட்டோமா என்பது. நியூராலஜிஸ்ட் பெரிய பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு, வீட்டில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். ஆனால் அங்கிள் பேசவில்லை. மணிக்கணக்கில் 'ம்' கூட இல்லை. ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே, தண்ணீர் கொடுத்த ஆன்ட்டியிடம், "தேங்க் யூ சிஸ்டர்" என்றார், ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல. ஆன்ட்டி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"இது எரரா ஹிட்டா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஹிட்டுதான்" என்றார். குழாயைத் திறந்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கோடையில்தான் அந்தச் செய்தி வந்தது. நியூயார்க் மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு நாள் கௌரவிக்கப்போகிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். வருகிறவர்கள் பட்டியலில் அந்த ஆறாம் எண்காரரும் இருந்தார். ஆன்ட்டி சுவரைக் குத்தினார். போன் பண்ண வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, சுவரைக் குத்தினார். நான் ஓடினேன். "அவன் வாரான் தம்பி! அந்த ஷார்ட்ஸ்டாப்! நேருக்கு நேர் கேக்கப் போறேன். பந்த விட்டவனுக்குத் தெரியும்ல? அவுகளுக்கு அந்த மேட்ச் ஞாபகம் இருக்கும்போதே தீர்ப்பு வேணும். நாளைக்கு அதுவும் போயிட்டா நான் ஜெயிச்சு யார்ட்ட சொல்ல?" கண்ணில் அப்படி ஒரு ஒளி. நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் மூன்று பேரும் ரயில் ஏறினோம். அங்கிள் வழியெல்லாம், எங்கே போகிறோம் என்று நாலு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஆன்ட்டி புதிதாகக் கேட்டதுபோல், "பேஸ்பாலுக்கு அத்தான்" என்றார். மடியில் அந்த நோட்டு, துணிப்பைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார்.

மைதானத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் வெள்ளைத் தலைகள். பெல்ட்டுக்கு மேல் தொப்பை வழிய, இளவயதில் வாங்கிய ஜெர்சிக்குள் தங்களைத் திணித்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் நிறுத்தி, அந்த ஆட்டத்துக்கு நீ வந்திருந்தாயா, அந்த அடியைப் பார்த்தாயா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி சொந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர் போல எல்லோரோடும் பேசினார். கடிகாரத்தைத் திட்டினார், எதிராளியும் திட்டினார், இருவரும் கட்டிக்கொண்டார்கள். அங்கிளைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் வரிசையில் நின்றோம். எங்களுக்கும் அவருக்கும் பதினைந்து அடிதான் தூரம், ஆனால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்றாலே காது கேட்காது.

எங்கள் முறை வந்தது. ஷார்ட்ஸ்டாப் இப்போது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தாத்தா. கை மட்டும் முறம் அகலம் இருந்தது. கையெழுத்துக்காகப் பந்தை எதிர்பார்த்தவர் முன்னால் ஆன்ட்டி நோட்டை விரித்து, ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். ஆங்கிலத்தில், நர்ஸுக்கே உரிய குரலில், "இந்தப் பந்து. ஆறாவது இன்னிங்ஸ், மழை விட்ட பிறகு. அவர்கள் ஹிட் என்றார்கள். நான் எரர் என்று எழுதினேன். நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இந்த மனிதர் ஆயிரக்கணக்கான பந்தைப் பிடித்தவர், விட்டவர். ஒரு மழைநாள் பந்து எங்கே நினைவிருக்கப்போகிறது?

அவர் எழுந்து நின்றார். கையைத் தரையோரம் கொண்டுபோய்க் குனிந்து காட்டினார். "நேரம் இருந்தது" என்றார் மெதுவாக. "பந்து கைக்குள் வருவதற்கு முன்னால் நான் ஓடுகிறவனைப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு வினாடி. புல்லின் மேல் பழி போட்டு, அடித்தவனுக்கு ஹிட் கொடுத்து என்னைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்." பேனாவை எடுத்து, ஆன்ட்டி எரர் என்று எழுதிய கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆன்ட்டி வீறிட்ட வீறிடலில் பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே போட்டார். என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினார். "சொன்னேன்ல! சொன்னேன்ல தம்பி! ஆத்தாடி, முப்பத்தஞ்சு வருஷம்!" அவர் குதித்தார், உண்மையாகவே குதித்தார். நானும் குதித்தேன். வரிசையில் நின்ற வெள்ளைத் தலைகள் விஷயம் புரியாமலே கை தட்டின. நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அங்கிளை நோக்கி ஓடினார்.

அங்கிள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பாப்கார்ன் பொட்டலம் நாற்காலியில் கிடந்தது. முகத்தில் நான் பல மாதமாகப் பார்க்காத ஒரு பரபரப்பு. "என்ன சொன்னான்? ஈரப்புல்லுன்னு சொன்னானா?" என்று கேட்டார். எங்கே போகிறோம் என்று நாலு தடவை கேட்ட மனிதர், எதற்காக வந்தோம் என்பதை மறக்கவில்லை.

ஆன்ட்டி நின்றார். தூக்கிய கை மெல்ல இறங்கியது. நோட்டை மூடித் துணிப்பைக்குள் போட்டார்.

"அவனுக்கு ஞாபகம் இல்லையாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்புக்கு மைக் பிடித்தவர், மாத்திரைக்கு அறிக்கை எழுதியவர், கண் முன்னால் பொய் சொல்கிறார். அதுவும் கையெழுத்துப் போட்ட சாட்சியைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

"ஞாபகம் இல்லையா?" அங்கிள் வெற்றிக் களிப்போடு கையைத் தட்டினார். "பாத்தியா? தப்பு பண்ணிருந்தா மறந்திருப்பானா? எவனும் தன் தப்ப மறக்க மாட்டான். ஹிட்டு, அதான் மறந்துட்டான்!"

ஆன்ட்டியின் உதடு துடித்ததை நான் பார்த்தேன். பதில் பைக்குள்ளேயே இருந்தது, எடுத்து நீட்டினால் முடிந்தது. நீட்டவில்லை. "அவன் மறந்தா எரர் ஹிட்டு ஆயிருமா?" என்று மட்டும் சொன்னார், அதுவும் கொஞ்சம் தோற்றவர் குரலில். அங்கிள் விடவில்லை. எங்கள் இருக்கைக்குப் போகும் படியெல்லாம் பேசினார். உட்கார்ந்தும் பேசினார். பந்து எத்தனை தடவை எழும்பியது, ஷார்ட்ஸ்டாப் எந்தக் காலை முன்னால் வைத்தார், மேகம் எந்தப் பக்கம் இருந்தது, அன்றைக்கு ஆன்ட்டி என்ன நிறப் புடவை கட்டியிருந்தார், எல்லாம் சொன்னார். கீழே பழைய ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள், அரங்கமே சிரித்துக் கை தட்டியது, எங்கள் வரிசையில் ஒரு கணக்கு வாத்தியார் தொடையில் கோடு போட்டுப் பந்தின் பாதையை நிரூபித்துக்கொண்டிருந்தார்.

அவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில் நான் ஆன்ட்டியின் காதருகில் குனிந்தேன். "ஏன் ஆன்ட்டி அப்படிச் சொன்னீங்க? நீங்கதானே ஜெயிச்சீங்க."

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் பூராவும் சிரிப்பு.

"ஜெயிச்சுட்டேன்னு சொன்னா அவுக 'சரி'ம்பாவ தம்பி. அதுக்கப்புறம் நாங்க என்னத்தப் பேச?"

சொல்லிவிட்டு ஜெர்சிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அங்கிள் பக்கம் திரும்பினார். "ஈரமாம்ல, ஈரம்! அன்னைக்கு வெயில் அடிச்சது அத்தான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.